டாக்டர் எழுதிக்கொடுத்த அண்ணன்

மூன்று மாத்திரை மாற்றிப் பார்த்தும் என் பிரஷர் இறங்கவில்லை. நான்காவதாக டாக்டர் என் அண்ணனை எழுதிக்கொடுத்தார்.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி வைத்திருந்தாலும் அவர் வெளியூர்க்காரர். மனுஷருக்கு மனுஷர்தான் மருந்து என்று புத்தகமே எழுதியவர். கரியாலூரில் முகாம் போட்டாலும் மாத்திரையோடு இந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் கொடுப்பார். நான் ரிட்டயரான டீச்சர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. என்னைப் பெட்டில் சேர்த்தபோது, கூட இருக்க யார் வருவார்கள் என்று கேட்டார். தியாகதுருகம் பக்கம் ஒரே அண்ணன், அப்பா நிலத்தில் நான் பங்கு கேட்டதிலிருந்து பேச்சு இல்லை என்றேன். வியாதியே அதுதானம்மா என்று பூரித்துப் போனார். போன் போடவேண்டாம் என்று வாய் சொன்னது. நம்பரை மட்டும் மனப்பாடமாக ஒப்பித்தேன்.

அவர் தன் ரூமில் இருந்து பேசினார். தங்கச்சி சீரியஸாக இருக்கிறாள், ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாராம். நர்ஸ் பிறகு சொன்னாள். எங்கள் பக்கம் சாவை யாரும் போனில் நேராகச் சொல்வதில்லை. சீரியஸ், வந்து பாருங்கள் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். பெண் செத்தால் பொறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து விழுந்த பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள்.

நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். வராண்டாவிலேயே மாரடித்துக்கொண்டு வந்த அண்ணி, என்னைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். பின்னால் அண்ணன். அத்தனை வருஷம் கழித்து அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவன் கையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாண்ணா என்றேன்.

"இன்னா, உசுரோடதான் இருக்கிறியா?" என்றான்.

மாலையைக் குப்பைக்கூடையில் போட்டான். பச்சை நூல் புடவையை என் கால்மாட்டில் வைத்தான்.

"எடுத்த கோடிய திரும்பி வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது. இப்பவே வெச்சிக்க. அன்னிக்கி என்னை எதிர்பாக்காத."

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் ஆறின இட்லியைத் தின்று முடித்தேன். சாயங்காலம் பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாதவளுக்கு அது எதற்கு ஏறப்போகிறது? டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவருடைய அடுத்த புத்தகத்தில் நான் இருக்கிறேன். போன் போட்டதும் ஓடிவந்த அண்ணன், அன்றைக்கே இறங்கிய ரத்த அழுத்தம். வெளியீட்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். புடவை நன்றாக இருக்கிறதே என்றார் டாக்டர், மைக்கில்.

அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்றேன். கை தட்டினார்கள்.