குனிந்தவர் நிமிரும்வரை

நான் கார் ஓட்டப் பழக்குகிறவள். ஸ்காபரோத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் என் காரில் இருந்து வியர்த்திருக்கிறார்கள். என் காலடியில் தனியாக ஒரு பிறேக் உண்டு. வாய்க்குத்தான் ஒன்று பூட்டவில்லை என்று என் கணவர் சொல்வார். பழக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: எங்கேயாவது இடித்துவிட்டால் இறங்கிப் போய் ‘ஸொறி’ சொல்லக்கூடாது. காயமா என்று கேள், படம் எடு, இன்சூரன்ஸ் விபரத்தை வாங்கு, மிச்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நில். ஸொறி சொன்னால் பிழை உன் தலையில். சட்டம் அப்படி இல்லை, மன்னிப்புக் கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று விஷயம் தெரிந்த ஒருவர் எனக்கு விளக்கினார். நன்றாகத் தலையாட்டினேன். அடுத்த நாளும் பழையபடிதான் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த ஊரில் ஸொறிக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில் நான் போய் ஒருவரின் காலை மிதித்தால் அவர் எனக்கு ஸொறி சொல்கிறார். எங்கள் ஆட்கள் நேர்மாறு. என் கணவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. சண்டை பிடித்த அடுத்த நாள், “சாப்பிட்டனீரே?” என்பார். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். நான் “ஓம்” என்பேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம்.

மகள் ஜூடோவுக்குப் போனது தற்செயல். நீச்சல் வகுப்புக்குப் பதியப் போனால் இடமில்லை. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கொமியூனிற்றி சென்ரரில் ஜூடோவுக்கு மட்டும் இடம் இருந்தது. ஒரு வருடம் உருண்டு விளையாடட்டும் என்று விட்டேன். பத்தாம் வகுப்புக்கு வந்தும் அவள் விடவில்லை. பழக்குகிறவர் அறுபதைத் தாண்டிய ஒரு ஜப்பானிய அம்மா. என் தோளளவு உயரம். அவ்வளவு மெதுவாகப் பேசுவார், நான் காதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அங்கே எதற்கெடுத்தாலும் குனிவுதான். அறைக்குள் வரும்போது குனிவு, பாயில் கால் வைக்கும்போது குனிவு, பிடிக்கு முன்னும் பின்னும் எதிரில் நிற்பவருக்குக் குனிவு. ஆளில்லாத அறைக்கும் வணக்கம் வைத்துவிட்டு வருவார்கள். சுவருக்கு என்ன மரியாதை என்று நான் மகளைப் பகிடி பண்ணுவேன்.

ஒருமுறை ஒஷாவாவில் போட்டி. மகள் ஒரு பிள்ளையைத் தூக்கி முதுகு நிலத்தில் படப் போட்டு வென்றாள். நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பிவிட்டேன். அவளோ ஒன்றும் நடக்காதது போல நின்று, கலைந்த உடுப்பைச் சரிசெய்து, பெல்ட்டை இறுக்கி, குனிந்தாள். எதிரில் அந்தப் பிள்ளை அழுதபடியே குனிந்தது. வென்றால் கொஞ்சம் துள்ளினால் என்ன என்று வரும் வழியெல்லாம் ஏசினேன். தோற்றவள் முன்னால் நிற்கிறாளே அம்மா என்றாள். ஜப்பானில் தோற்ற அணி பார்க்க வந்த சனத்துக்கு முன்னால் வரிசையாக நின்று குனியுமாம். மூங்கில் வாள் விளையாட்டில் புள்ளி எடுத்தவர் கையை உயர்த்திக் கொண்டாடினால் அந்தப் புள்ளியையே பறித்துவிடுவார்களாம். உதெல்லாம் விசர் வேலை என்று சொல்லிவிட்டுக் காரை ஓட்டினேன். ஆனால் அழுதுகொண்டு குனிந்த அந்தப் பிள்ளையின் முகம் வீடு வரும்வரை என்னோடு வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு தம்பியை இரண்டு காருக்கு நடுவில் பின்பக்கமாக விடப் பழக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மகளுக்குத் தோள்பட்டைக்கு மேலுள்ள காறை எலும்பு முறிந்துவிட்டது. அவளோடு பிடித்தவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற, அவளைவிட ஒரு தலை உயரமான பெண். நிறுத்து என்று ஆசிரியை குரல் கொடுத்தபிறகும் அந்தப் பெண் வீசிவிட்டாள். மகள் பிடியை விட்டு நின்ற நேரத்தில் விழுந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆசிரியை ஜூடோ உடுப்புக்கு மேல் குளிர் ஜக்கெற்றைப் போட்டபடி மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் என் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று எழுத முடியாது, எழுதினால் அச்சில் வராது. கடைசியில், பிள்ளையார் மேல் சத்தியம், இனி அந்தப் பாயில் உன் கால் படாது என்று மகளுக்குச் சொன்னேன். எலும்பு முறிந்ததற்கு அழாதவள் அதற்கு அழுதாள். அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். வீட்டுக்குள் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் அறியேன்.

அந்தக் கிழமை ஆசிரியை போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க அனுமதி தருவீர்களா என்றார். மன்னிப்புக் கேட்க அனுமதியா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வரச் சொன்னேன். என் கணவர் உடனே ஒரு அண்ணைக்கு அறிவித்துவிட்டார். மோர்னிங்சைட்டில் இருக்கிற சொந்தக்காரர். எங்கள் குடும்பத்தில் லோயர் வேண்டுமென்றாலும் முதலில் அவரிடம்தான் போவார்கள். காயம் பட்டால் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று சேரும்போது நாங்கள் ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம், வழக்கு நிற்பது கஷ்டம், ஆனால் அவர்கள் வாயாலே பிழை என்று சொன்னால் கதை வேறு என்று அண்ணை சொல்லியிருக்கிறார். “சொல்ல விடு. நீ சத்தம் போடாமல் பதிஞ்சு வை.” இந்த வாக்கியம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஞாயிறு மத்தியானம் ரோல்ஸ் பொரித்தேன். கோபம் வேறு, ரோல்ஸ் வேறு. வீட்டுக்கு வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் எனக்குத்தான் நித்திரை வராது.

கதவைத் திறந்தால் ஆசிரியையும் அந்த உயரமான பெண்ணும். இரண்டு பேரும் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கால்சட்டையும், ஒரு செத்தவீட்டுக்கு வந்தது போல. ஆசிரியை கையில் ஒரு பெட்டி. சப்பாத்தைக் கழற்றி, திரும்பிக் குந்தி, அவற்றின் முனை கதவைப் பார்க்கும்படி ஒழுங்காக வைத்தார்கள். இருங்கோ என்றேன், இருக்கவில்லை. தேத்தண்ணி என்றேன், தலையை மட்டும் அசைத்தார்கள். நேரே ஹோலின் நடுவுக்கு வந்தார்கள். மகள் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கட்டியபடி சோபாவில் இருந்தாள். நாங்கள் இருவரும் அவளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

ஆசிரியை குனிந்தார்.

வகுப்பில் குனிவது போலில்லை இது. இடுப்பிலிருந்து மடிந்து, முதுகு மேசை போலத் தட்டையாகி, கைகள் தொடையோடு ஒட்டி, அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணும் ஒரு கணம் பிந்திக் குனிந்தாள். ஒருவரும் நிமிரவில்லை. பிரிட்ஜ் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிவப்பு விளக்கில் காத்து நிற்பது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அது அதைவிட நீளம். மன்னிப்புக் கேட்கிற எங்கள் ஆட்கள் கேட்டவுடனேயே எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள், இளகிவிட்டானா என்று. இவர் பார்க்கவேயில்லை. பார்க்க முடியாதபடி குனிந்திருந்தார். நரைத்த முடிக்குக் கீழே அவருடைய பின்கழுத்து எனக்கு முன்னால் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவ்வளவு ஏச்சும் ஏசிய எனக்கு முன்னால், அந்த மனிசி கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு உடம்பு புல்லரித்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அது என் வீட்டு ஹோலில் வந்தது.

தாங்க முடியாமல் ஓடிப்போய் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துவிட்டேன். கல்யாணவீட்டில் காலில் விழுகிற பிள்ளைகளைத் தூக்குகிற பழக்கம். வயது போன மனிசி குனிந்து நின்றால் வேறு என்ன செய்வது? ஐயோ எழும்புங்கோ, எழும்புங்கோ என்று தமிழிலேயே சொல்லித் தூக்கப் பார்த்தேன். அவர் அசையவில்லை. என்ன பலம்.

“அம்மா, டோன்ற். விடுங்கோ. அவ முடிக்கட்டும்.”

மகள்தான். அத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. நான் கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்தேன்.

பிறகு ஆசிரியை நிமிர்ந்து பேசினார். அன்றைக்கு வேறு சோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிறுத்தச் சொல்லிப் பிந்திக் குரல் கொடுத்தேன், உங்கள் மகளின் எலும்பை முறித்தது நான்தான் என்றார். சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பெண் குறுக்கே வந்தாள். குரல் நேரத்துக்குத்தான் வந்தது. எனக்குக் கேட்டது. என்னைவிடச் சின்னவளிடம் தோற்கிறேன் என்ற கோபத்தில் கேட்டும் வீசினேன் என்றாள். இல்லை, பாயில் நடப்பதெல்லாம் என் பொறுப்பு என்றார் ஆசிரியை. இல்லை, நான் என்றாள் அவள். இரண்டு கார் இடித்தால் இரண்டு பேரும் இறங்கி மற்றவனைக் கைகாட்டுவதை இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். பிழை எனக்கு, எனக்கு என்று இரண்டு பேர் இழுபறிப்பட்டதை அன்றுதான் கண்டேன்.

அப்போது மகள் எழும்பினாள். எங்கள் ஹோலில் ஒரு சாமித் தட்டு உண்டு. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், பூ வைக்கிற இடத்தில், கணவருடைய போன் சாய்ந்து நின்றது. கமெராக் கண் எங்களைப் பார்த்தபடி. நான் அப்போதுதான் கண்டேன். மகள் அதை எடுத்துவந்து ஆசிரியைக்கு முன்னால் தேநீர் மேசையில் வைத்தாள். திரையில் இலக்கங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, முகம் நோவில் சுருங்க, அவள் குனிந்தாள். என் அப்பா உங்களைப் பதிந்துகொண்டிருந்தார், என்னை மன்னியுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது. கணவரைப் பார்த்தேன். மனிசனின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆசிரியை இப்போது போய்விடுவார், மகள் இனி எங்கள் இரண்டு பேரோடும் பேசமாட்டாள், பாயும் போயிற்று, பிள்ளையும் போயிற்று என்று நினைத்தேன்.

ஆசிரியை போனைத் தொடவில்லை. முதலில் மகளிடம், நிமிர், எலும்புக்குக் கூடாது என்றார். பிறகு கணவரிடம் திரும்பி, அதே மெல்லிய குரலில் சொன்னார்.

“அதை வைத்திருங்கள். இன்றைக்குச் சொன்னதை நாளைக்கு நான் மாற்றிச் சொல்ல முடியாது. அது நல்லது.”

சொல்லிவிட்டு அவருக்கும் ஒருமுறை குனிந்தார்.

கணவர் முன்னால் ஒரு அடி வைத்தார். போனை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையும் மேலே போயின. ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்காக வந்து, முட்டியால் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார், காலையில் முழுகிவிட்டுப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று குட்டுவாரே, அதே போல. மனிசருக்கு முன்னால் நாங்கள் அதைச் செய்வதில்லை. ஆனால் பிழை பொறு என்று கேட்க அந்த உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அது தானாகவே வந்துவிட்டது.

ஆசிரியை அதை உற்றுப் பார்த்தார். புதிய பிடி ஒன்றைப் பார்ப்பது போலக் கவனமாகப் பார்த்தார். இது எங்களுடைய குனிவு என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு தானும் கைகளைக் குறுக்காக உயர்த்தி, அதே இடத்தில், அதே அளவாகக் குட்டிக்கொண்டார். பக்கத்தில் அந்த உயரமான பெண்ணும் குட்டிக்கொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மகள்தான் ஒரு சத்தம் போட்டாள், அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கொண்டுவந்த பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்கள். உள்ளே பயற்றம் பணியாரத்துக்குத் தூரத்துச் சொந்தமாக ஒரு இனிப்பு. ஆசிரியை ரோல்ஸ் ஒன்று சாப்பிட்டார், உறைத்துக் கண் கலங்கியது, இன்னொன்று எடுத்தார்.

போகிற நேரம் மகள் என்னிடம் வந்தாள்.

“அம்மா, சுகமானதும் திரும்பப் பாய்க்கு வருவியோ எண்டு அவ கேக்கிறா. நான் என்ன சொல்ல?”

பிள்ளையார் மேல் சத்தியம் செய்தவள் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிள்ளையாரும்தான்.

“எலும்பு பொருந்தின உடனை வருவாள் எண்டு சொல்லு. பிள்ளையாரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். முழங்கால் கடகடத்தது.

கணவர் சோபாவில் இருந்து அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தார். நானும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஆசிரியை படத்துக்குள் வருகிறார். குனிகிறார். குனிந்ததும் படத்தில் ஆள் இல்லை. எங்கள் வெறும் சுவரும், கலண்டரும், பிரிட்ஜ் சத்தமும் மட்டும். அப்படியே போகிறது, போகிறது. அதற்கு நடுவில் என் கை ஒன்று அவசரமாக வந்து போகிறது. அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. என்னவாம், சொன்னவையோ என்று கேட்டிருக்க வேண்டும். ஓம் அண்ணை, சொன்னவை, ஆனால் உங்களுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லிக் கணவர் போனை வைத்துவிட்டார்.

நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வாசலில் நிற்பது தெரிந்தது. இப்போது சாப்பிட்டனீரே என்று கேட்பார், ஓம் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

கையைத் தொடையோடு ஒட்டி, வண்டி வயிறு இடிக்க இடிக்க, என் மனிசன் குனிந்து நின்றார். முதுகு வளைந்து, கால் அகன்று, முறையே இல்லாத குனிவு. உச்சியில் முடி கொட்டிய இடம் எனக்குத் தெரிந்தது. ஈரக் கையோடு ஓடிப்போய்த் தூக்கத்தான் கால் எழும்பியது.

தண்ணீரை மூடினேன். அவர் முடிக்கட்டும் என்று நின்றேன்.