கதவில்லாத பள்ளிக்கூடத்துச் சுகிர்தம்மாள்

பிள்ளைகளுக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தேவசகாயம் வாசலில் வந்து நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "வாத்தியாரே, கோலார் ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி வந்துகினு இருக்குது. சுகிர்தம்மா போய்ட்டாங்க" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவை பாட்டுக்கு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டே இருந்தன. "வாயை மூடுங்கடா!" என்று அதட்டினேன். 

சுகிர்தம்மாளை அறிந்த உங்களுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தையும் தெரிந்திருக்கும். தகரக் கூரை போட்ட ஒரே அறை, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் அவருடைய சின்ன வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய பெரிய வகுப்பு. தங்கச் சுரங்கத்துக் கல்லை ராப்பகலாய் இடிக்கும் ஸ்டாம்பு மில் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் 'அ' கூடப் பிள்ளைகளின் காதில் விழும். மத்தியானத்துக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். "இந்த ஊருக்கு ஆண்டவரே இறங்கி வந்தாலும் கத்தித்தான் பேசணும் ஐயா" என்பார்.

ஒரு வாரம் பள்ளி நிரம்பி வழியும், மறு வாரம் ஈ ஓட்டுவோம். மிஷன் துரை ஒருமுறை நிரம்பிய வாரத்தில் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு வேதத்தின்மேல் வாஞ்சை பெருகிவிட்டது என்று பூரித்துப்போனார். நான் தலையாட்டிவைத்தேன். சுகிர்தம்மாளால் அது முடியாதே! "வாஞ்சை இல்லீங்க ஐயா. இந்த வாரம் அப்பன்மாருக்கு ராத்திரி ஷிப்ட். பகல்ல அவங்க தூங்கணும். ஒத்தை அறை வீட்டுல பிள்ளைங்க இருந்தா தூங்க முடியுமா? அதான் இங்கே தள்ளிவிடறாங்க" என்றார். துரையின் முகம் தொங்கிப்போனது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு வயிற்று வலியில்தான் முடிந்தது.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை.

சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். வேளை கெட்ட வேளையில் ஊதினால் உள்ளே விபத்து என்று அர்த்தம். அப்போது தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு ஜீவன் மிஞ்சாது. உலையை இறக்கக்கூட நேரமில்லாமல் எல்லாரும் சுரங்க வாய்க்கு ஓடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் ஓடும். அப்படி ஓடிய ஒரு சிறுமி கல்வண்டியில் சிக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அவளைத் தூக்கி வந்தவர் சுகிர்தம்மாள்தான். "இனிமே சங்கு ஊதினா கதவைச் சாத்திடுவோம். கீர்த்தனை பாடுவோம். பெரியவங்க வந்து அழைச்சாத்தான் பிள்ளையை அனுப்பணும்" என்று அன்றே முடிவு செய்தார். சரியான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை சங்கு ஊதியதும் தாழ்ப்பாள் போட்டோம். பிள்ளைகள் அழுதன. சுகிர்தம்மாள் உரத்துப் பாடினார், பிள்ளைகளையும் பாடச் சொன்னார், தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் தொண்டை கிழியப் பாடினேன். உள்ளே பாட்டு, வெளியே மில். சங்கு ஓய்ந்து கதவைத் திறந்தபோது எங்களிடம் படித்த கன்னியம்மாவின் தாய் பச்சையம்மாவுடைய தம்பி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். பச்சையம்மாவின் புருஷன் முனிசாமியை, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் உயிரோடுதான் மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். "கன்னி எங்க, கன்னி எங்க" என்று அவன் மகளைக் கேட்டிருக்கிறான். அவளை அழைத்துப்போக வந்தவன் கதவை இடித்து இடித்துக் கை வீங்கிப்போயிருந்தான். எங்கள் யார் காதிலும் அது விழவில்லை. கன்னியம்மா போய்ச் சேருவதற்குள் அவள் அப்பனைத் துணியால் மூடிவிட்டார்கள்.

பச்சையம்மா பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "கடைசியா எம்பொண்ண பாக்காம செத்தாரே! கதவச் சாத்தினியே, நீ நல்லா இருப்பியா?" என்றாள். அன்றோடு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் சுகிர்தம்மாள் தச்சனை அழைத்துக் கதவைக் கழற்றச் சொன்னார். அதன்பிறகு எங்கள் பள்ளிக்குக் கதவே கிடையாது. ஆடு வந்து பாடம் கேட்கும், நாய் வந்து படுக்கும், மழை பெய்தால் எல்லாரும் ஒரு மூலையில் ஒண்டுவோம். துரை கோபித்துக்கொண்டார். சுகிர்தம்மாள் காதில் வாங்கவே இல்லை.

அவர் காதில் வேறு ஏதோ விழ ஆரம்பித்திருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்திவிடுவார். தட்டிக்கு அப்பாலிருந்து, "ஐயா, யாரோ இடிக்கறாங்க இல்ல?" என்று கேட்பார். "இல்லேம்மா, மில்லு சத்தம்" என்பேன். ஆனாலும் எழுந்து வாசலுக்குப் போவார். கதவே இல்லாத வாசலின் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு வெறும் வெளியைப் பார்ப்பார். பிள்ளைகள் அவரையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கும். சத்தியமாகச் சொல்கிறேன், போகப்போக எனக்கும் கதவை இடிக்கும் அந்தச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. எத்தனையோ முறை பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டு நானும் வாசலைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் சுகிர்தம்மாள் பச்சையம்மா வீட்டு வாசலில் போய் நிற்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முறத்தில் அரிசி புடைப்பாள். இவர் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்புவார். "கர்த்தர் உம்மை மன்னித்துவிட்டார், சமாதானமாக இரும்" என்று துரை சொன்னபோது, "கர்த்தர் மன்னிச்சதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க ஐயா. பச்சையம்மா இன்னும் மன்னிக்கல" என்றார். காய்ச்சல் முற்றிக் கோலாருக்கு வண்டியேற்றியபோதும், "இந்தச் சனிக்கிழமை தவறிப்போகுதே" என்றுதான் என்னிடம் புலம்பினார்.

அடக்கத்துக்குப் பச்சையம்மா வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் வேலிக்கு வெளியே நின்றாள். எல்லாரும் கலைந்த பிறகு, "வாத்தியாரே" என்று கூப்பிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இப்போ எதுக்கும்மா வந்தே?" என்றேன்.

"அன்னிக்கு அவரு மூஞ்சில மூஞ்சியே இல்ல வாத்தியாரே" என்றாள். "நான் பாத்துட்டேன். இன்னிக்கும் கண்ண மூடினா அதான் வருது. எம்பொண்ணு பாக்கல. அவளுக்கு அப்பன்னா, காலைல சிரிச்சிக்கினு போனாரே, அவருதான். நல்லா தூங்குறா. அந்தம்மா கதவச் சாத்தலைன்னா அவளும் என்ன மாதிரி ஆயிருப்பா."

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? பாவி, எத்தனை சனிக்கிழமை வந்து நின்னாங்க!"

"நாக்கு நுனி வரிக்கும் வரும். கோவத்தையும் வுட்டுட்டா எம்புருசனுக்குன்னு எங்கிட்ட இன்னா இருக்குதுன்னு முழுங்கிடுவேன். வர்ற வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். போன சனிக்கிழம சொல்லிடணும்னு வாசல்லயே குந்திக்கினு இருந்தேன். அவங்க வரல."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அழுதோம்.

அவருடைய வேத புத்தகத்தைத் துரை எனக்குக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொள்ள அவருடைய தங்கை வந்தாள். ஆனால் சுகிர்தம்மாளுடையதென்று நான் வைத்திருப்பது பச்சையம்மா சொன்ன அந்த வார்த்தையைத்தான். வெயிலில் நின்று நின்று அவர் எதிர்பார்த்தது அது. அவருக்கென்றே வந்தது, என் கையில் வந்து சேர்ந்துவிட்டது. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.