ஒரு கைக்கடிகாரமும் பதினொரு நாடியும்

தேயிலை விலை சரிந்த வருடம், நடுவட்டத்துக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டில் முதலில் மூடப்பட்டது ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் கருணாகரனை ஊருக்கு அனுப்பிவிட்டு, பூட்டிய கதவில் ஒரு செயலியின் படத்தை ஒட்டினார்கள். வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் போடச் சொன்னது செயலி. நோயாளி என்று தெரிந்தால் ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் முதலில் ஏறும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். ஆகவே எல்லோரும் இரண்டு போட்டார்கள். தொழிலாளர் ஆரோக்கியம் மேம்பட்டிருப்பதாக நிர்வாகம் அறிக்கை விட்டது.

பேச்சியும் இரண்டுதான் போட்டாள். முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிப்பவள். அவளுடைய மகன் சுஜித், கோயமுத்தூரில் மென்பொருள் எழுதுகிறவன், அந்த இரண்டை நம்பவில்லை. சிம் போட்ட கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அம்மாவின் கையில் கட்டிவிட்டான். அவள் நாடித்துடிப்பு அவன் போனில் தெரியும்.

கொழுந்து பறிக்கும் கையசைவையும் கடிகாரம் நடையாகவே எண்ணியது. அதன் கணக்கில், ஒரே சரிவில் நின்றபடி பேச்சி தினமும் கூடலூர் போய்த் திரும்பினாள். போனில் பதக்கங்கள் குவிந்தன.

பத்தே நாளில் கணக்கு குழம்பியது. காலையில் நாடி ஐம்பத்தெட்டு, மதியம் நூற்றிருபது. சுஜித் தெரிந்த டாக்டரிடம் காட்டினான். இந்த அம்மாவுக்கு வயது இருபதா, எழுபதா என்று கேட்டார் அவர்.

பேச்சி குடியிருந்த ஏழாம் நம்பர் லைனில் எந்தப் பொருளும் ஒரே வீட்டில் தங்குவதில்லை. ஏணி, இட்லிப்பானை, மழைக்கோட்டு எல்லாம் வீடு வீடாகச் சுற்றும். கடிகாரமும் சுற்றியிருக்கிறது. யாருக்குத் தலை கிறுகிறுக்கிறதோ அன்று அவள் கையில். கட்டினாலே தேவலையாகிவிடுகிறது என்றார்களாம்.

சுஜித் திட்டித் தீர்த்தான். பேச்சி அசையவில்லை.

“கம்பவுண்டருக்குப் பதிலா நீ இருக்கியே சாமி. ஒருத்தியப் பாக்கறவன் பதினோரு பேரப் பாக்க மாட்டியா?”

அவனும் பணிந்தான். பதினொரு பெயருக்கும் அட்டவணை போட்டான். நாடி எகிறினால் அம்மாவை அழைப்பான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யார் கையில்? பதிலை உரிய பெயருக்கு நேரே எழுதுவான். சாந்தாமணிக்கு ரத்தசோகை என்று இப்படித்தான் தெரிந்தது. அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆட்குறைப்புப் பட்டியல் தயாரான வாரம், வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, நூற்று நாற்பத்தொன்று காட்டியது. துடிப்பும் சீராக இல்லை.

“யார் கையிலம்மா?”

“செல்வி கையில. மேடேறுனா, அதான்.”

இரண்டு வார்த்தைக்கு நடுவே அம்மா மூச்சு வாங்கினாள். தலையில் கொழுந்து மூட்டை இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். செல்வி பெயருக்கு நேரே எழுதிவிட்டு மீட்டிங்குக்குப் போனான்.

இரண்டு மணிக்கு பேச்சி செடிகளுக்கு நடுவே சாய்ந்துவிட்டாள். ஜீப் கிடைத்துக் கூடலூர் போவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சுஜித்தின் போனைப் பார்த்த இளம் டாக்டர், தினம் முப்பதாயிரம் அடி நடந்தவர், நல்ல உடம்பாயிற்றே என்றார்.

அடக்கத்தன்று செல்வி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அன்னைக்கு எனக்கு லீவுங்க தம்பி. நான் ஊட்டுலதான் இருந்தேன். வாச்சு அக்கா கையில இருந்துச்சு.”

அந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை, எழுந்து நடங்கள் என்றது கடிகாரத்தின் செயலி.

காரியம் முடிந்ததும் பக்கத்து வீட்டுச் சின்னம்மை கடிகாரத்தைத் துடைத்து, பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சுஜித் வாங்கிக்கொள்ளவில்லை, லைனிலேயே இருக்கட்டும் என்றான். போனில் கடிகாரத்தின் பெயர் ‘அம்மா’ என்றிருந்ததை ‘ஏழாம் நம்பர் லைன்’ என்று மாற்றினான். அட்டவணையை அழித்தான்.

அதற்கு ஒன்பதாம் நாள், மீட்டிங் நடுவில், நூற்று முப்பத்தெட்டு. எழுந்து வெளியே வந்து செல்வியை அழைத்தான். அவள் ஏதோ பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“யாரா இருந்தாலும் உட்கார வைங்க அக்கா. ஜீப்புக்குச் சொல்லிட்டேன்.”