நம்ம வீட்டுப் புரதம்

பஸ் ஓட்டுநராக இருந்த அவளுடைய அப்பாவுக்கு முதலில் மரத்துப்போனது வலது கால். பிரேக்கை மிதிக்கிறோமா இல்லையா என்று தெரியாமல், ஒரு நாள் சிக்னலில் நின்றிருந்த காரின் பின்னால் போய் முட்டினார். யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் அன்றோடு ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள். டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கொடுத்தார்கள். விரல்களும் மரத்த பிறகு அதுவும் போயிற்று. டாக்டர்கள் சர்க்கரை என்றார்கள், முதுகெலும்பு என்றார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் ஒரு நரம்பு டாக்டர்தான் பிடித்தார். உடம்பு தயாரிக்கும் ஒரு புரதம் ஒழுங்காக மடியாமல் கட்டி கட்டியாகி நரம்புகளில் படிகிறது. பரம்பரை நோய். மருந்து கிடையாது.

அப்போது அவள் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். புரதம் ஒரு நீளச் சங்கிலி, அது சரியான வடிவத்துக்கு மடிந்தால்தான் வேலை செய்யும் என்று பரீட்சைக்கு உருப்போட்டிருந்தாள். அந்தப் பாடம் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறும் என்று நினைக்கவில்லை.

அம்மா அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டாள். வளர்த்தது அக்காதான். அக்கா ஒரு தையல் கம்பெனியில் பள்ளிச் சீருடை தைத்தாள்; வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். “படிப்பு முடிஞ்சதும் ஒரு வேலைக்குப் போ, எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தவள், தங்கை ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். வேறொரு நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், புரத அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் எடுத்தது. ஆய்வு செய்யவேண்டிய புரதங்களில் அப்பாவின் உடம்பில் படிந்துகொண்டிருந்ததும் ஒன்று.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு இந்தப் புரதம் என்று கேட்டார்கள். தயார் செய்து வைத்திருந்த பதிலை அவள் சொல்லவில்லை. “எங்கப்பாவுக்கு இருக்கு” என்றாள்.

ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆராய்ச்சிக்கு இது ஒரு காரணமில்லம்மா. சோதனை தோத்துப்போனா உன்னால தாங்க முடியாது.”

நடுவில் இருந்த பேராசிரியை அவள் பக்கம் திரும்பினார். “தோக்கும். நெறைய தோக்கும். வர்றியா?” என்றார்.

அப்பா தெருவில் ஒருவரை விடவில்லை. “நம்ம வீட்டுப் புரதத்தைப் பத்தி என் பொண்ணு ஆராய்ச்சி பண்ணப் போறா” என்று, ஏதோ சொந்தத் தோட்டத்தில் காய்த்ததுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரிந்தார் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரை நிறுத்தினார்.

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. எப்போது பார்த்தாலும் குளிர் அறைக்குள்ளேயே இருந்ததால் வந்த பெயர். பாக்டீரியாவுக்குள் அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் புகுத்தி, புரதத்தைச் செய்ய வைத்து, பிரித்து, சுத்தப்படுத்த வேண்டும். கரைசல் கண்ணாடிபோலத் தெளிவாக நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. காலையில் தெளிவாக இருப்பது மத்தியானத்துக்குள் பால் திரிந்ததுபோலக் கலங்கி, குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மற்றவர்களுக்கு அது வீணாய்ப்போன ஒரு குழாய். அவளுக்கு அப்பாவின் கால். உப்பை மாற்றினாள், அமிலத்தன்மையை மாற்றினாள், வெப்பநிலையை மாற்றினாள். மூத்த ஆய்வு மாணவன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐஸ்பெட்டி, உன் புரோட்டீனுக்கு உன்னைக் கண்டாலே ஆகல” என்று போவான். சிரிப்பாள்.

மூன்றாவது வருடத்தில் ஒரு நாள் கரைசல் கலங்கவில்லை. மறுநாளும் கலங்கவில்லை. அதற்கடுத்த வாரம் அதிலிருந்து ஊசி முனை அளவுக்குப் படிகங்கள் வளர்ந்தன. அந்தப் படிகத்தை வைத்துத்தான் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியும். பேராசிரியை நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் வேறொரு நாட்டு ஆய்வுக்குழு அதே வடிவத்தை வெளியிட்டுவிட்டது.

“நம்மள முந்திட்டாங்க” என்றார் பேராசிரியை. குரலில் கோபம்கூட இல்லை. “இனிமே இதுக்குப் பண உதவி கிடைக்காது. சலவைத் தூளுக்கு ஒரு நொதி இருக்கு, துணியில கறையை எடுக்கறது. அதுல உன் பட்டத்தை முடிச்சுடலாம். முடியாதுன்னா நான் கட்டாயப்படுத்தல. ஆனா யோசிச்சுக்கோ.”

அவள் வீட்டுக்குப் போனாள். அப்பா படுத்த படுக்கையாகியிருந்தார். வெந்நீர் சுடுவது தெரியாமல் காலை முக்கியதில் தோல் உரிந்து கட்டுப் போட்டிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“யாரோ ஒருத்தர் கண்டுபுடிச்சிட்டாங்கல்ல?” என்றார் அப்பா.

“ஆமாப்பா.”

“அப்புறம் என்னத்துக்கு அழுவற? நீ கண்டுபுடிச்சா என்ன, அவன் கண்டுபுடிச்சா என்ன? நல்ல சேதிதானே.” அவர் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. “அப்போ மருந்து எப்ப வரும்?”

வடிவம் தெரிவது ஒன்று, மருந்து வருவது வேறு, நடுவில் இன்னும் எத்தனை வருடமோ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் குனிந்து காலின் கட்டைச் சரிசெய்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “கால் எரியுது, கொஞ்சம் விசிறு” என்றார். மரத்த கால்தான், ஆனாலும் எரியும். அந்த நோய் அப்படி.

மழைக்காலம் முடியும்போது அவர் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்த ஒரு பகல், அக்கா மெஷினில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். துணியில் சிவப்பாகப் பரவுவதை இவள்தான் முதலில் பார்த்தாள். ஊசி அக்காவின் விரல் நுனியில் ஏறி இறங்கியிருந்தது. அக்கா இன்னும் மெஷினை மிதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அக்கா! கை!”

அக்கா விரலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். “ரொம்ப நாளாவே இப்படித்தான்” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நாளில் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முடிவு சொல்ல ஒன்றாகத்தான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு இருந்தது. இவளுக்கு இல்லை.

“நல்லது” என்றாள் அக்கா. “ஒருத்தியாவது தப்பிச்ச.” பிறகு வீடு வந்து சேரும்வரை பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு இருந்திருக்கலாம் என்று சொல்ல இவளுக்கு வாய் வரை வந்தது. அது பொய்யென்று அவளுக்கே தெரியும். முடிவைக் கேட்ட நொடியில் நெஞ்சுக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்ததை அவள் மறக்கவில்லை. அக்காவும் அதை அவள் முகத்தில் பார்த்திருப்பாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறாள்.

சலவைத் தூள் நொதியில் பட்டத்தை முடித்தாள். கரைசல் ஒரு நாளும் கலங்கவில்லை. சொன்னபடி கேட்கிற புரதம். சோப்புக் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. போகவில்லை. அப்பாவின் நோய்க்கு மருந்து தேடும் ஒரு குழுவில், அதைவிடச் சின்ன வேலையில் சேர்ந்தாள். அங்கே ஒரு மருந்து நோயாளிகளிடம் சோதனைக்கு வந்தபோது அக்காவைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். நோய் முற்றிவிட்டது, ஆரம்பநிலையில் உள்ளவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். விதி அப்படி, அதை எழுதியவர்களில் அவளுடைய மேலதிகாரியும் ஒருவர்.

இப்போது அக்கா அவளோடுதான் இருக்கிறாள். காலையில் அக்காவைக் குளிக்கவைத்து, உடை மாற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குக் கிளம்ப முடியும். நேரமாகிவிட்டது என்று அவள் பரபரத்தால் அக்கா விடமாட்டாள்.

“முதல்ல இந்தக் கையை நேரா மாட்டிவிடு. அப்புறமா போய் ஊரைக் காப்பாத்து.”

அவள் சட்டைக் கையைச் சரியாக இழுத்துவிடுவாள். அக்காவின் விரல்கள் சில்லென்றிருக்கும். அவள் அந்த விரல்களைப் பிடித்திருப்பது அக்காவுக்குத் தெரியாது.