போர்ட் பிளேர் திருடனுக்காக ஒரு டெண்டர்

எங்கள் நால்வரில் திருடனுக்குத்தான் மாற்றல் ஆர்டர் வந்தது. தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்த அவன், ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத ஜாதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் முன்னறைப் பாயில் உட்கார்ந்தால், அவன் திருடன். கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரன் மந்திரவாதி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத இன்னொருவன் வீரன். நான் எதுவும் இல்லை. நான் கதை சொல்பவன். அதாவது எல்லாமே நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு இதுதான். ஒருவன் கதையை ஆரம்பிப்பான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, இப்போது நான் கதவை உடைக்கிறேன், இப்போது நான் ஓடுகிறேன் என்று சொல்வார்கள். உடைந்ததா, ஓட முடிந்ததா என்பதைப் பகடை முடிவுசெய்யும். வீரனின் பள்ளி நண்பன் ஒருவன் கொடுத்த, ஜெராக்ஸின் ஜெராக்ஸான விதிப்புத்தகம் இருபது முகப் பகடை கேட்டது. அப்படி ஒன்று டெல்லியில் எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. காலனி விழாவில் ஆடிய தம்போலா செட்டிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட காய்களை எடுத்து ஒரு பழைய சாக்ஸில் போட்டுக் குலுக்கினோம். சாக்ஸ் துவைத்ததுதான்.

என் கதையில் ஒரு பாழடைந்த கோட்டை, ஏழு நிலவறைகள், அறைக்கு ஒரு பூதம். வீரன் பூதத்தைப் பார்த்ததும் வெட்டுவான். மந்திரவாதி நெருப்பு விடுவான். திருடன் மட்டும் திருநெல்வேலிக் குரலில் பூதத்தோடு பேச ஆரம்பிப்பான். "அண்ணாச்சி, எத்தன வருசமா இதே சீட்ல இருக்கிய? ஒரு புரமோஷன் உண்டா, லீவு உண்டா?" என்று கேட்டு, மூன்றாம் நிலவறைப் பூதத்தை அழவைத்தே சாவியை வாங்கிவிட்டான். அந்தப் பூதம் அழும் என்று எனக்கே தெரியாது. நான் அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்த சண்டை வீணாகப் போயிற்று. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

அவனைத்தான் அந்தமானுக்கு, போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது, "என் ஆளக் கொன்னுறாதல. நெட்ல ஏதாவது வழி பாத்து ஆடுவோம்" என்றான். பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் இல்லாமல் ஆட எனக்கு மனமில்லை. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவன் இல்லாவிட்டால் என் கதை அவ்வளவு நல்ல கதை இல்லை என்று எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. எப்படியாவது அவனை ஆட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வேறு லட்சியம் கிடையாது.

வழி தேடும் பொறுப்பை மந்திரவாதி எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு தொடங்கியது. "எதையும் முறையாச் செய்யோணும்ப்பா. மூணு கொட்டேஷன் இல்லாம ஒண்ணையும் எடுக்கக் கூடாது" என்றான். இணையத்தில் நாங்கள் தேடிய அத்தனை கருவிகளும் இலவசம். இலவசத்துக்கு எதற்கடா டெண்டர் என்று கேட்டேன். என்னை மந்திரவாதி பார்த்த பார்வையில், அடுத்த நாள் என் மேல் விசாரணைக் கமிஷன் வந்துவிடும் போலிருந்தது. அந்த வாரமே ஒப்பீட்டு அட்டவணை தயார். பதினான்கு பத்திகள். படம் தெரியுமா, பகடை தானே உருளுமா, இருட்டை இருட்டாகக் காட்டுமா, பூதத்துக்குக் குரலை மாற்ற முடியுமா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிப் பத்தி 'குறிப்புரை'. மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழு வீரனின் வீட்டில், அவனுடைய அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் முன்னால், மூங்ஃபலி, அதாவது வேர்க்கடலை, கொறித்தபடி கூடியது. பிராட்பேண்ட் அப்போதுதான் வந்திருந்தது. வீரன் அதைக் குழந்தை பிறந்த வீட்டுக்காரன் மாதிரி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

முதல் சோதனை, டைப் செய்து பேசும் கருவி. போர்ட் பிளேரில் திருடன் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்திருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டோம். நான் இரண்டு விரல்காரன். அவனோ ஸ்டெனோ. நான் 'இரும்புக் கதவு ஒன்று' என்று அடித்து முடிப்பதற்குள் அவன் கதவைத் தட்டி, நான்காம் பூதத்திடம் நலம் விசாரித்து, அதன் மூத்த மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தான். வீரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கதை சொல்பவன் நான். என் பூதத்துக்கு மகள் இருப்பதை இன்னொருவன் சொல்லி நான் தெரிந்துகொள்வதா? குறிப்புரையில், 'கதையின் கம்பீரத்துக்கு ஏற்றதல்ல' என்று எழுதி, பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன்.

இரண்டாவது, வரைபடக் கருவி. இது வீரனின் கண்டுபிடிப்பு. "அரே, மேப் இல்லாம என்ன மஜா?" என்று அடம்பிடித்தான். திரையில் கோட்டை விரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டக் காய். நாம் நடக்க நடக்க இருட்டு விலகியது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். போர்ட் பிளேருக்கு அப்போது இணையம் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. நாங்கள் இரண்டு தாழ்வாரங்களைக் கடந்து ஒரு வௌவால் கூட்டத்தையும் ஒழித்த பிறகு, திருடனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'மேப் வந்துட்டு. ஆனா ஒருத்தனயும் காணலியே?' நாங்கள் அங்கிருந்து போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று வீரன் பதில் அடித்தான். மதிப்பெண் ஒன்பது.

மூன்றாவது, குரல். ஒரே ஒரு மைக்கை மூவரும் கைமாற்றிப் பேசினோம். என் கதையை என் குரலிலேயே சொல்ல முடிந்ததில் எனக்கு ஏக சந்தோஷம். திருடன் பேசுவது மட்டும் எங்களுக்கு நேரம் தப்பி வந்துகொண்டிருந்தது. பூதம் செத்து, அறையில் அமைதி நிலவி, நான் குரலைத் தாழ்த்தி அதன் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது, "அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?" என்று ஸ்பீக்கரில் கேட்டது. மதிப்பெண் எட்டு.

சோதனை முடிந்ததும் மந்திரவாதி, வெளியூர்ப் பயனாளர் கருத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றான். பதினான்கு பத்திகளையும் படிவமாக்கித் திருடனுக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. எல்லாக் கட்டங்களிலும் குறுக்கே ஒரு கோடு. கீழே ஒரே சொல், 'நில்'.

இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். டெல்லித் தலைமை அலுவலகம் தினமும் ஒரு படிவத்தைத் தயாரித்து, நாடு முழுக்க உள்ள கிளை அலுவலகங்களுக்கு அனுப்பும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அவர்கள் ஆங்கிலத்தில் 'நில்', அதாவது 'ஏதுமில்லை', என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். உண்மையில் அதற்கு அர்த்தம், எங்களைக் கேட்டா நீங்கள் எதையும் செய்யப்போகிறீர்கள் என்பதுதான். அந்தப் படிவங்களைத் தயாரிக்கும் மேஜையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த அர்த்தம் நன்றாகவே தெரியும். "அப்புறமென்ன, அவனுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கலாம்" என்றான் மந்திரவாதி. நானும் தலையாட்டினேன்.

வரைபடமும் குரலும் சேர்த்துத் தேர்வாயின. ஆணை டைப் செய்யப்பட்டு, நகல் போர்ட் பிளேருக்குப் போயிற்று. திருடன் மூன்று ஞாயிறு வந்தான். வரைபடத்தில் அவன் காய் கதவோரமாகவே நின்றது. முதல் ஞாயிறு நாலைந்து வார்த்தை பேசினான். மூன்றாவது ஞாயிறு அவனிடமிருந்து வந்ததெல்லாம் "ம்" மட்டும்தான். நான்காவது ஞாயிறு அவன் வரவில்லை. என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்டேன். பதில் போட்டிருந்தான். 'மூணு வாரமா மேப் வரட்டும்னுதான் உக்காந்திருந்தேன். கதை பக்கமே வர முடியல. நீங்க ஆடுங்க. என் ஆளு சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டான்னு சொல்லிரு.'

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்காக எவ்வளவு மெனக்கெட்டோம், எத்தனை ஞாயிறு வீணாயிற்று என்று இரண்டு பக்கம் பொரிந்து தள்ளினேன். போதாக்குறைக்கு ஒப்பீட்டு அட்டவணையை மறுபடி இணைத்து அனுப்பினேன். அதற்கு அவன் பதில் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு ஐந்தாம் நிலவறைப் பூதத்தை வீரன் இரண்டே நிமிடத்தில் வெட்டி முடித்தான். பேச்சில்லை, சிரிப்பில்லை. ஒரு கணக்கு முடிந்தது போல எழுந்து போய் டீ போட்டோம். ஹோலி வருவதற்குள் ஆட்டம் தானாக நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஞாயிறு மதியங்களில் ஒரு எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது. அதைச் சரோஜினி நகர் மார்க்கெட்டின் கூச்சல் மேல் காட்டினேன்.

மழைக்காலத்தில் அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. போர்ட் பிளேரில் அவன் ஒரு குழு சேர்த்திருந்தான். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, அவனுடைய ஆபீஸில் ஒரு வங்காளிப் பையன். கதை சொல்பவன் அவன்தான். என்னைப் போலவே அவனும் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டானாம். 'எல்லாம் இருக்கு, பூதம்தான் சரியில்ல. நான் பூதமாப் பேசினா அது உடனே சாவியக் கொடுத்துருது. டெல்லில இருந்து ஒரு பூதம் தேவைப்படுது. நீ வாரியா?' என்று எழுதியிருந்தான். அதன் கீழே ஒரு வரி விட்டு ஒரு கேள்வி.

'உனக்கு எது வசதி?'

முதலில் சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வியைத் திரும்பவும் படித்தேன். மேஜை டிராயரைத் திறந்து ஒப்பீட்டு அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு பத்திகளையும் விரல் வைத்துப் படித்தேன். இருட்டு இருட்டாகத் தெரியுமா என்று கேட்டிருந்தோம். பூதத்தின் குரலைப் பற்றிக் கேட்டிருந்தோம். அவனுக்கு எது வசதி என்று எந்தப் பத்தியிலும் கேட்கவில்லை. அவனுக்குப் பொருந்திய ஒரே கருவிக்கு, என்னைவிட அவன் அதில் நன்றாக ஆடினான் என்பதற்காக, மூன்று மதிப்பெண் போட்டவன் நான். வெட்கமாக இருந்தது. வீட்டில் தனியாக இருந்தும் அட்டவணையை மடித்து மறைத்துக்கொண்டேன்.

'நீங்கள் எதை முடிவு செய்தாலும் எனக்குச் சரி' என்று பதில் போட்டேன். பெருந்தன்மையாக எழுதிவிட்டதாக எனக்கு நினைப்பு. மறுநாளே மெயில் வந்தது. 'இதே பதில நானும் உங்களுக்கு அனுப்பினேன், நில்லுன்னு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். ஒழுங்காச் சொல்லுல.'

அதனால் ஒழுங்காகச் சொன்னேன். குரலும் படமும் உங்கள் பக்கம் ஓடாது, டைப் செய்தே ஆடலாம், ஆனால் என் வேகம் உனக்குத் தெரியும், கூட்டத்தில் கூச்சமாக இருக்கிறது என்று எழுதினேன். அன்று அவ்வளவு அலட்டியதற்கு மன்னித்துவிடு என்றும் எழுதினேன். ஞாயிறு மூன்று மணி என்று மட்டும் பதில் போட்டான்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பூதமாகிய நான் 'எவன் அது என் வாசலில்' என்று உறும வேண்டும். இரண்டு விரலால் அடிக்க அடிக்க எழுத்து பிசகியது. அழித்தேன், மறுபடி அடித்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. போர்ட் பிளேரில் நான்கு பேர் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைத்ததும் இன்னும் பிசகியது. அப்போது திரையில் ஒரு வரி வந்தது.

'மெதுவா அடில. நாங்க எல்லாரும் இங்கனதான் இருக்கோம்.'