அருளப்பன் சார் படகுக்குப் பாட்டரி கட்டியது

பாட்டரிக்குள் மின்சாரம் இருக்கிறது என்று இந்த நகரத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பது தேசத்துக்கு நல்லதல்ல என்பதால் முதலிலேயே திருத்திவிடுகிறேன். பாட்டரிக்குள் இருப்பவை ஈயத் தகடுகளும் திராவகமும் மட்டுமே. அவை இரண்டும் போடும் சண்டையில் பிறப்பதுதான் மின்சாரம். சண்டை ஓய்ந்த பாட்டரிகளை எங்களிடம் கொண்டுவருவார்கள். மறுபடி மூட்டிவிடுவது எங்கள் தொழில். திராவகம் தெறித்து வேட்டியில் ஓட்டை வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

யுத்தம் முடிந்த புதிதில் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் நானும் காதர் பாயும் கூட்டாகக் கடை வைத்திருந்தோம். பெட்ரோலுக்கு இன்னும் கூப்பன் இருந்த காலம். கார்கள் ஷெட்டில் தூங்கின. தூங்கும் காரின் பாட்டரி சீக்கிரம் சாகும். ஆகவே எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் படகு ஒன்று எங்களைத் தேடி வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

துரை விட்டுப்போன தண்டு

சாந்தோமில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அருளப்பன் சார் ஒருநாள் கோணிப்பையில் சுற்றிய ஒரு நீளமான சாமானை எங்கள் மேஜைமேல் கிடத்தினார். ஒரு முனையில் மோட்டார், அதில் இரண்டு இறக்கை கொண்ட விசிறி, மறுமுனையில் கைப்பிடி, நடுவில் இரும்புத் தண்டு. படகின் பின்பலகையில் கவ்வி வைத்தால், மீனுக்குக் கேட்காதபடி படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போகுமாம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் எடுத்தது. வயர் இல்லை, விளக்கப் புத்தகம் இல்லை.

சாருக்கு அடையாற்றில் ஒரு சின்ன மரப் படகு இருந்தது. போன வருஷம் வந்த நோயில் அவர் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போயிற்று. துடுப்புப் போட முடியாமல் ஒருமுறை முகத்துவாரம்வரை மிதந்துபோனவரைக் கட்டுமரக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். அன்றே அவர் தங்கை ரெஜினா அம்மாள் சைதாப்பேட்டை விறகுக்கடைக்காரரிடம் படகைப் பேசிவிட்டார். விஜயதசமி காலையில் வண்டி வரும். அதற்குள் அண்ணன் துடுப்பைத் தொடாமல் நடு ஆற்றுத் திட்டுவரை போய்த் தனியாகத் திரும்பினால் படகு அவருக்கு, இல்லாவிட்டால் அடுப்புக்கு.

வேறொருவரைத் துடுப்புப் போடச் சொல்லலாமே என்று கேட்டேன். அவர் கோணிப்பையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஐயரே, ஆயுசு பூரா வகுப்பறையில கத்தியிருக்கேன். அந்த ஆத்துல மட்டும்தான் என்னை யாரும் சார்னு கூப்பிடறதில்லை."

உடம்பு இல்லாத வண்டி

மோட்டார் கார் அறிந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் இழுப்போம். மின்சாரம் திரும்பி வருவதற்குக் காரின் இரும்பு உடம்பே வழி. பாட்டரியின் மறுமுனையை உடம்பில் முடுக்கிவிட்டால் தீர்ந்தது. வருஷக்கணக்கில் இதையே செய்த கைகள் படகிலும் இதையே செய்தன. ஒரு வயரை மோட்டாருக்குக் கொடுத்தோம். மறு வயரைப் பிடித்துக்கொண்டு காதர் பாய் படகு முழுவதும் தவழ்ந்து உடம்பைத் தேடினார். கடைசியில் நங்கூர வளையம் ஒன்று கிடைத்தது. அதில் திருகி முடுக்கினோம். நான் கம்பீரமாகச் சுவிட்சைப் போட்டேன்.

நங்கூர வளையம் மரத்தில் செருகியிருந்தது. மரம் மின்சாரத்தை எங்கும் கொண்டுபோவதில்லை. இது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்ததை நினைக்க மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. அருளப்பன் சார் எங்களைப் பரீட்சைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என் படகில இரும்புன்னு ஒண்ணு இருந்தா அது தூண்டில் முள்தான். அதையும் நேத்து ஒரு கொடுவா கொண்டுபோயிடுச்சு."

மெல்லிய வயர்

போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர் வேண்டும் என்பது முடிவானதும் சார் தம்மிடமிருந்த அழைப்புமணி வயரைக் கொண்டுவந்தார். ஆறு வோல்ட் பாட்டரிதானே, மெல்லிய வயர் போதாதா என்றார். இது மக்களிடையே பரவியிருக்கும் இரண்டாவது மூடநம்பிக்கை. வோல்ட் குறையக் குறைய, அதே வேலையைச் செய்ய ஓட்டம் பெருக வேண்டும். ஓட்டம் பெருகினால் வாய்க்கால் அகலமாக வேண்டும். இதை நான் கரையில் நின்று உதாரணங்களோடு விளக்கிக்கொண்டிருந்தபோதே, பொறுமை இழந்த சார் அந்த வயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

விசிறி சுழன்றது, உண்மை. படகு ஒரு முழம் நகர்ந்ததும் உண்மை. அதற்குள் வயரின் மேலுறை உருகிப் புகைந்தது; சார் ஆற்றுநீரை அள்ளி அதன்மேல் ஊற்றினார். அண்ணனுக்குக் காப்பி கொண்டுவந்த ரெஜினா அம்மாள் கூஜாவைக் கீழே வைக்காமலே கேட்டார்: "மீன் பிடிக்கப் போறீங்களா, இல்லை படகிலேயே வறுக்கப் போறீங்களா?"

வானம் பார்த்த படகு

காதர் பாய் பழைய இரும்புக்குப் போன லாரி ஒன்றிலிருந்து விரல் தடிமனுள்ள வயரை உருவிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு ப்யூஸும் வைத்தோம். இனி எரிவதென்றால் அது மட்டும் எரியட்டும். வயர் நீள நீள மின்சாரம் வழியில் களைத்துப்போகும் என்பதால், பாட்டரியை மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். கணக்குப்படி அது சரி. ஆனால் மோட்டார், பாட்டரி, சார் மூன்றும் படகின் பின்பக்கம் சேர்ந்ததும் முன்பக்கம் மெல்ல எழுந்து நின்றது. பின்பலகையின் மேல்விளிம்பு தண்ணீரைத் தொட்டது. சார் இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை, போகலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் படகு செங்குத்தாக நின்றாலும் போவார் என்று தோன்றியது.

நாங்கள் விடவில்லை. பாட்டரியை முன்பக்கம் மாற்றி, உருளாதபடி மரப்பெட்டியில் இறுக்கி, வயருக்கு மறுபடி நீளம் கொடுக்க அன்று மாலை முழுவதும் ஆயிற்று. பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்த பட்டினப்பாக்கத்துக்காரர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, படகு மூஞ்சியத் தூக்கிக்கினு கீது? மீனு கீழதான் கீது, மேல போறது ஏரோப்ளேனு!"

பூஜையில் உட்கார்ந்த ஸ்பானர்கள்

கடைசி வெள்ளோட்டத்துக்கு முன் பாட்டரியைக் கடைக்கு எடுத்துவந்து நிறையச் சார்ஜ் செய்தோம். சார்ஜ் ஏறி முடிந்த அன்று ஆயுத பூஜை. அன்றைக்குக் கருவிகளைத் தொடக் கூடாது. மறுநாள் பூஜை முடிந்த பிறகே எடுக்க வேண்டும். ஸ்பானர், சுத்தியல், இடுக்கி எல்லாம் மணையில் வரிசையாக அமர்ந்தன. பாட்டரியும் அமர்ந்தது.

என் சம்சாரம் எதற்கும் குறை வைக்கிறவள் அல்ல. பாட்டரியின் நெற்றி என்று தான் கருதிய இடத்தில் குங்குமம் இட்டாள். மேலே துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஈய முளைகளுக்கும் சந்தனத்தை அப்பினாள். வயரை மாட்டுகிற இடமாயிற்றே என்றேன். "ரெண்டும் குட்டி லிங்கமாட்டம் இருக்கேன்னா, அதுகளை மட்டும் விட்டுட மனசு வரலை" என்றாள். சார் இரண்டு தடவை கடைக்கு வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வாசலில் நின்றிருந்த காதர் பாய்க்கும் இருப்புக் கொள்ளவில்லை. "அய்யரே, நாளிக்கு வெறவு வண்டி வருது. நம்ம ஸ்பானருங்க இன்னாடான்னா பூ வெச்சிக்கினு குந்திக்கினு கீது!"

விஜயதசமி

காலையில் புனர்பூஜை முடிந்த கையோடு பாட்டரியை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆற்றுக்கு ஓடினோம். கரையில் வண்டி ஏற்கனவே நின்றிருந்தது. விறகுக்கடைக்காரர் படகின் பலகைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜையில் வைத்த சந்தனத்தை அழிக்கக் கை வராமல் அதன்மேலேயே கவ்விகளை மாட்டி இறுக்கினேன். சார் ஏறி உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை.

ப்யூஸைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. வயரை முழுதும் தடவினோம்; நன்றாக இருந்தது. மோட்டாரைக் கழற்றலாம் என்று நான் சொன்னபோது விறகுக்கடைக்காரர் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்தார். காதர் பாய் பாட்டரிமேல் குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கவ்விக்கும் முளைக்கும் நடுவே நல்ல மைசூர்ச் சந்தனம், காய்ந்து, பீங்கான்போல் இறுகி. அதைத் தாண்டி எந்த மின்சாரமும் போகாது. படகில் கிடந்த கத்தியைக் காதர் பாய் தொடவில்லை. என் கையும் எழவில்லை. அவருக்கு என் சாமிமேல் மரியாதை, எனக்கு என் சம்சாரத்தின்மேல் பயம்.

அருளப்பன் சார் மீன் செதில் சீவும் கத்தியை எடுத்தார். தோளுக்கு மேல் எழும்பாத அந்த வலது கை, தாழ்ந்திருந்த பாட்டரியை எளிதாக எட்டியது. "தள்ளுங்க. நான் வேற கட்சி, உங்க சாமி என்மேல கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லி, கவ்விகளைக் கழற்றி, ஈயம் பளபளக்கும்வரை இரண்டு முளைகளையும் சுரண்டினார். துளி சந்தனத்தையும் ஆற்றில் விடாமல் ஓர் இலையில் சேர்த்து என்னிடம் நீட்டினார். கவ்வியை மறுபடி மாட்டினோம். சுவிட்சைப் போட்டார்.

தேனீ அளவுக்குத்தான் சத்தம். படகு கரையை விட்டு விலகியது. சார் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டைச் சுற்றி ஒரு கணம் மறைந்தார். ரெஜினா அம்மாள் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மறுபக்கத்தில் படகின் மூக்கு தெரிந்தது. பிறகு சார் தெரிந்தார், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தண்டை முழங்காலால் அணைத்தபடி. கரை தட்டியதும் ரெஜினா அம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டே, விறகுக்கடைக்காரர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "படகு கிடையாது. ஆனா அந்தத் துடுப்பு ரெண்டும் இனிமே எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?"

எங்கள் தொழிலில் வேலை அரைகுறையாக முடிந்தால் திட்டு கிடைக்கும், முழுதாக முடிந்தால் நம்பிக்கை கிடைக்கும். சைதாப்பேட்டை வண்டி இரண்டு துடுப்புகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.