எங்கள் வீட்டின் ஒற்றை ஓட்டு

தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தால், மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெரு வரிசையில் வீட்டு ஆண்பிள்ளைதான் எழுந்து வாசலுக்குப் போவான். கடிதம் யாருக்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாது. ஊரிலிருந்து வருகிற நீலக் காகிதம் எல்லாம் எங்களுக்குத்தானே. அன்றைக்கும் நான் பனியனோடு போய்க் கையை நீட்டினேன். தபால்காரர் கொடுக்கவில்லை. உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லெட்சுமி?" என்றார். லெட்சுமி என் மனைவி என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "அப்படியானால் லெட்சுமியைக் கூப்பிடு" என்றார், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே. அவள் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். அரசாங்க முத்திரை போட்ட காகிதம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என்னிடம் தரவில்லை. "ஓட்டு வந்திருச்சுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்போது பெயர் கொடுத்தாள்? விசாரித்தால், பட்டியல் எழுதுகிறவர் தெருவுக்கு வந்த நாளில் நான் வேலைக்குப் போயிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தெய்வானை அம்மாள் இவளைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் அவர்முன் உட்காரவைத்திருக்கிறாள். அந்த அம்மாள் பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்க்காரிகள் போடுகிற கெபாயாச் சட்டை, வாயில் மலாய் தவிர ஒரு வார்த்தை வராது. நான் போய்ச் சண்டைக்கு நின்றபோது, "ஆப்பா தாக்குட்?" என்று ஒரே கேள்வி கேட்டாள். என்ன பயம் என்று அர்த்தம். பதில் சொல்லும் அளவுக்கு என் மலாய் போதவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இது வெள்ளைக்காரன் கொடி இறங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி, நாட்டின் முதல் பொதுத்தேர்தல் சமயத்தில் நடந்தது. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அன்றைய சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லெட்சுமி மலாக்காவில் பிறந்தவள், ஆகவே அவளுக்கு ஓட்டு. நான் ராமநாதபுரத்துக்காரன். மெட்ராஸ் சாப்பர் பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலி வரைக்கும் போய்ப் பாலம் கட்டினவன். சண்டை முடிந்ததும் கப்பலேறி இங்கே வந்தவன். தினம் பேப்பர் படிப்பவன். எனக்கு ஓட்டு இல்லை. குடியிருந்த வருஷம் போதாதாம். பேப்பரில் வேட்பாளர் பெயரெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம், ஓட்டோ, அதே பேப்பரை அடுப்புப் பற்றவைக்க எடுக்கிறவளுக்கு. என்ன நியாயம் ஐயா இது?

ஆனால் அன்றைக்கு நான் அவளிடம் பேசியது நியாயம் அல்ல, பயம். பட்டியல் என்றாலே எனக்கு ஆகாது. அவள் அப்பா பெருமாள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில், வேலை தருகிறோம், அரிசி தருகிறோம், பெயர் கொடுங்கள் என்று மேசை போட்டு எழுதினார்கள். பெருமாள் முந்திக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தார். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண், எவனோ பேனாவோடு வந்து கேட்டதும் பெயரைச் சொல்லியிருக்கிறாளே! பட்டியலில் ஏறின பெயர் இறங்காது என்று நூறு தரம் சொன்னேன். அவள் பாட்டுக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

என் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அது இத்தாலியில் இருக்கிறது. ஒரு பனிக்காலம் முழுக்க எங்கள் கம்பெனி அங்கே ஒரு மலையோரக் கிராமத்தில் கிடந்தது. ஆற்றுப் பாலத்தை ஜெர்மன்காரன் உடைத்துவிட்டுப் போயிருந்தான்; நாங்கள் இரும்புப் பாலம் போட்டோம். லூச்சியா என்ற பெண்ணின் மாட்டுக்கொட்டடியில் பத்துப் பேர் வைக்கோல் பரப்பிப் படுத்தோம். நாங்கள் டீத்தூளும் சர்க்கரையும் கொடுப்போம், அவள் கஸ்தான்யா என்று ஒரு கொட்டையைச் சுட்டுக் கொடுப்பாள். அவள் புருஷன் செருப்புத் தைக்கிறவர். வாயைத் திறக்காத மனுஷன். ஏன் இப்படி என்று ஒருநாள் சைகையில் கேட்டோம். லூச்சியா உள்ளே போய் ஒரு சீசாவைக் கொண்டுவந்து மூக்கில் காட்டினாள். விளக்கெண்ணெய்! எங்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நம் வீட்டில் பிள்ளைகளுக்கு வயிறு கழுவக் கொடுக்கிறதுதானே. அவள் சிரிக்கவில்லை. அந்த ஊர் பாசிஸ்டுகள், கருப்புச் சட்டைக்காரர்கள், ஆட்சிக்கு வந்த புதிதில், அவர்களை எதிர்த்து ஏதோ பேசினார் என்று, இவரை நடுச்சந்தியில் உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து, வாயில் புனல் வைத்து ஒரு சீசா முழுக்க ஊற்றினார்களாம். ஊரே நின்று பார்த்ததாம். கை ஜாடையிலும் நாங்கள் பழகியிருந்த நாலைந்து வார்த்தையிலுமாக அத்தனையும் சொன்னாள். 

அந்த லூச்சியா வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். இத்தாலிய மொழி படிக்க மலாக்காவில் யார் இருக்கிறார்கள்? உஜோங் பாசிரில் போர்த்துகீசியர் குடியிருப்பில் பெத்ரோ என்று ஒரு மீன்பிடிக்காரர் இருக்கிறார். அவருடைய பாஷையும் அதுவும் பங்காளி பாஷைகளாம். வலையைத் தைத்துக்கொண்டே கடிதத்தை முழங்காலில் வைத்துப் படித்து மலாயில் சொல்வார். பாதி புரிந்து படிக்கிறார், மீதியை அவரே கட்டி விடுகிறார் என்பது என் சந்தேகம். ஆனால் இங்கே தேர்தல் பேச்சு தொடங்கிய சமயத்தில் வந்த கடிதத்தை அவர் கட்டியிருக்க முடியாது. அதில் அங்கே நடந்து முடிந்த தேர்தலைப் பற்றி லூச்சியா எழுதியிருந்தாள். ஆளும் கூட்டணிக்காரர்கள் ஒரு புதுச் சட்டம் போட்டார்களாம். கூட்டுச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் கொஞ்சம் ஓட்டு வாங்கிவிட்டால் போதும், சபையில் மூன்றில் இரண்டு பங்கு இடம் அவர்களுக்கு. மயிரிழையில் அந்தப் பாதி கிடைக்காமல் போயிற்றாம். அது கிடக்கட்டும். அந்தக் கருப்புச் சட்டைக் கூட்டம் வேறு பெயரில் கட்சி கட்டி, முன்னைவிட அதிக ஓட்டு வாங்கியிருக்கிறதாம். அன்றைக்குப் புனலைப் பிடித்தவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதே சந்தியில் நின்று, தொப்பியைக் கழற்றி, அம்மா சௌக்கியமா என்று கேட்டு ஓட்டுக் கேட்டானாம். "என் புருஷனும் ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது" என்று முடித்திருந்தாள். பெத்ரோ கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு காஜா பெராங்குக்குள் வெள்ளைச் சட்டை போட்டு யார் வந்தாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். இந்தக் கை முன்னே எதைப் பிடித்திருக்கும்? மலாய், சீன, இந்திய மூன்று இனத்துக் கட்சிகளும் கூட்டுச் சேர்ந்து நிற்கிறோம் என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். கூட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இத்தாலிச் சட்டம் ஞாபகம் வந்தது. பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு கூட்டத்தில் வேறொருவர், பிந்தி வந்தவனுக்கெல்லாம் இந்த மண்ணில் என்ன பங்கு என்று முழங்கியதாகப் பேச்சு அடிபட்டது. இன்றைக்கு மேடையில் பேசுவான், நாளைக்குப் புனலோடு வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாம் பிந்தி வந்தவர்கள்தானே! தலை நீட்டாமல் இருந்தால் தப்பலாம். அவளுக்குத் தெரியாமல் ஓட்டுக் காகிதத்தை எடுத்து என் பட்டாளத்துத் தகரப்பெட்டிக்குள், பழைய சட்டைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

தேர்தலுக்கு முந்தின நாள் காலையில் கேட்டாள். "ஏங்க, என் காகிதம் எங்க?"

"எந்தக் காகிதம்?"

"சும்மா நடிக்காதீங்க. ஓட்டுக் காகிதம்லா."

"உங்கப்பனைக் கொண்டுபோனதும் காகிதம்தான், தெரியுமா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "எங்கப்பா பேரை எழுதினவன் பக்கத்துல துப்பாக்கியோட ஒருத்தன் நின்னான். என் பேரை எழுதினவன் குடையை வாசல்ல வச்சிட்டு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தான். எனக்கு வித்தியாசம் தெரியாதா? உங்களுக்குப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்களுக்கு இல்லாதது எனக்கு இருக்கு, அதான் வயித்தெரிச்சல்" என்றாள்.

சுள்ளென்றது. பெட்டியைத் திறந்து காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மையில் கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை; அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அவளும் தெய்வானை அம்மாளும் முன்னே நடந்தார்கள். நான் காவலுக்குப் போகிறவன் மாதிரி பின்னாலேயே போனேன். பள்ளிக்கூட வாசலில் கயிறு கட்டியிருந்தது. மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, ஓட்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. சட்டைப் பையிலிருந்த பட்டாளத்துப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். ஓட்டு இல்லாவிட்டாலும் நான் ஒன்றும் நாதியற்றவன் அல்ல என்று காட்டத்தான். அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "அஸ்கார்? பாகுஸ்!" என்று, பட்டாளத்தானா, பேஷ் என்கிற மாதிரி என் தோளைத் தட்டி, பெண்கள் வரிசையை ஒழுங்கு பண்ணச் சொல்லி அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஓட்டில்லாதவன் ஓட்டுப் போடுகிறவர்களை நெறிப்படுத்திக்கொண்டு நின்றேன். தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா?

லெட்சுமியின் முறை வந்தது. குமாஸ்தா பட்டியலில் விரலை ஓட்டினார், நின்றார். பெருமாள் மகள் லெட்சுமி என்று இரண்டு பேர் இருந்தார்களாம், இரண்டு பேரும் காஜா பெராங். எந்த லெட்சுமி? "நாமா சுவாமி?" என்றார். புருஷன் பெயர் கேட்கிறார். லெட்சுமி வாயைத் திறக்கவில்லை. அவர் திரும்பக் கேட்டார். காது கேட்காதவள் என்று நினைத்தோ என்னவோ, சத்தம் போட்டுக் கேட்டார். நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? என் பெயர் முருகையா. அதனால் இவள் சாமியைக்கூட வேலவா என்றுதான் கும்பிடுவாள். முருங்கைக்காய்க்கு எங்கள் வீட்டில் குச்சிக்காய் என்று பெயர். பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் யாராவது எடுத்துச் சொல்வதுதான் முறை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நாலடி தூரத்தில் வாசலில் நிற்கிறேன். நான்கே நான்கு எழுத்து. நான் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தேன். சொல்லாவிட்டால் ஓட்டு இல்லை, பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள், சண்டையும் முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கேவலத்தை மூன்று வருஷம் கழித்து இங்கே எழுதிவைக்கிறேன். பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "முருகையா" என்றாள். மெதுவாக அல்ல. வரிசைக் கடைசிக்குக் கேட்கிற மாதிரி. எட்டு வருஷத்தில் முதல்தடவை. குமாஸ்தா ஒரு கோடு போட்டார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

யாருக்குப் போட்டாய் என்று வழிநெடுகக் கேட்டேன். "சொல்லக் கூடாதாம், சட்டம்" என்றாள். முடிவு வந்தது. கூட்டுச் சேர்ந்தவர்கள் ஒன்றே ஒன்று தவிர அத்தனை இடத்தையும் வாரிக்கொண்டார்கள். இத்தாலியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே சட்டமே தேவைப்படவில்லை. பிந்தி வந்தவனைப் பற்றி முழங்கினவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தெரு முழுக்கச் சந்தோஷம். நான் மட்டும், லூச்சியா ஊரிலும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு ஆரம்பித்திருப்பார்கள் என்றேன். "உங்க இத்தாலியத் தூக்கிக் கடல்ல போடுங்க" என்றாள்.

இப்போது சுதந்திரமும் வந்து ஒரு வருஷம் முடியப்போகிறது. என்னைப் போன்றவர்களும் மலாய்ப் பரீட்சை இல்லாமல் குடியுரிமை எழுதிக்கொள்ளக் கெடு கொடுத்திருக்கிறார்கள். கெடு முடிய இன்னும் சில வாரம்தான். விண்ணப்பப் பாரம் வாங்கி எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். கடைசியில் ஒரு சத்தியம் இருக்கிறது. வேறு நாட்டு விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் தம்பி கருப்பையாவிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. லெட்சுமிக்குச் சத்தமாகப் படித்தேன்.

"அண்ணன் அவர்களுக்கு, தாராளமாக அந்த நாட்டுக்காரர் ஆகிக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றும் குறைந்துவிடாது. நம் ஊர் ஓட்டர் லிஸ்டில் உங்கள் பெயரை இன்னும் எடுக்கவில்லை. போன தேர்தலில் நான் சாவடிக்குப் போவதற்குள் யாரோ உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் ஓட்டையும் போட்டுவிட்டுப் போயிருந்தான்."

லெட்சுமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"அது சரி, யாருக்குப் போட்டீங்களாம்?"

தம்பி அதை எழுதவில்லை. பாரம் மேசைமேல் இருக்கிறது, பேனாவில் மை இருக்கிறது. அங்கே முருகையாவாகப் போய் நின்றவன் யார், என் கையாக எந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டான் என்று தெரியாமல், அந்த நாட்டை விட்டேன் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.